நூலகரைக் கேளுங்கள்: பப்மெட்டில் பல்லாயிரம் வருகிறது, எனக்கு வேண்டிய பத்து எங்கே?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகர், பப்மெட் போன்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளங்கள் பற்றி வாசகர்களுக்கு வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன் மேடம். சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதத்தைத் தாங்களே கவனித்துக்கொள்வது பற்றி டெசர்ட்டேஷன். ரிவ்யூவுக்கு குவான்டிடேட்டிவ் ஆய்வு பத்து, குவாலிடேட்டிவ் பத்து கொண்டுவரச் சொல்கிறார் கைடு. பப்மெட்டில் 'டயபெடிக் ஃபுட்' போட்டால் பல்லாயிரம் வருகிறது. கூடவே 'குவாலிடேட்டிவ்' என்று சேர்த்தால் கிருமிப் பரிசோதனைக் கட்டுரைகளாக வருகின்றன. எங்கே தவறு?
— நர்சிங் மாணவி, நாகர்கோவில்

தவறு தட்டச்சில் இல்லையம்மா. உங்கள் தலைப்புக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தினமும் பாதத்தைப் பார்க்கவும், கழுவித் துடைக்கவும் சொல்லிக்கொடுத்தால் புண் வருவது குறைகிறதா என்பது ஒன்று. எத்தனை முறை சொன்னாலும் ஏன் வெறுங்காலோடு நடக்கிறார்கள், புண் வந்த பிறகும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு எண்ணிப் பார்த்தவர்களின் ஆய்வு வேண்டும், அதுதான் குவான்டிடேட்டிவ். இரண்டாவதற்கு நோயாளியோடு உட்கார்ந்து பேசியவர்களின் ஆய்வு வேண்டும், அதுதான் குவாலிடேட்டிவ். இவை ஒரே தேடலில் சிக்காது. இரண்டு தேடலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எண் சார்ந்ததை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். பப்மெட்டை நடத்தும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம், கட்டுரைகளுக்கு 'மெஷ்' எனப்படும் பொருள் தலைப்புகளை ஒட்டி வைக்கிறது. 1960இல் தொடங்கிய ஏற்பாடு. ஆசிரியர் எந்தச் சொல்லைப் போட்டு எழுதியிருந்தாலும் 'டயபெடிக் ஃபுட்', 'செல்ஃப் கேர்' என்ற மெஷ் தலைப்புகளின் கீழ் கட்டுரை வந்து சேர்ந்துவிடும். இந்த இரண்டையும் இணையுங்கள். அப்புறம் திரையின் இடப்பக்கம் பாருங்கள், 'ரேண்டமைஸ்டு கண்ட்ரோல்டு டிரையல்' (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) என்று ஒரு கட்டம் இருக்கும். 1991 முதல் இப்படி ஒரு தனி வகைச் சீட்டே இருப்பதால் ஒரு கிளிக்கில் குவியல் சுருங்கிவிடும். ஆனால் நர்சிங் ஆய்வுகளில் பல ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட் வகை, அதாவது சொல்லிக்கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பவை. அவை இந்தக் கட்டத்துக்குள் வராது. 'குவாசி எக்ஸ்பெரிமென்டல்', 'ப்ரீ டெஸ்ட்', 'கிராஸ் செக்ஷனல்' ஆகியவற்றைச் சொற்களாகவும் தேட வேண்டும்.

குவாலிடேட்டிவ் பக்கம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இடப்பக்கத்தில் அதற்கென்று கட்டம் இல்லை. 'குவாலிடேட்டிவ் ரிசர்ச்' என்று மெஷ் தலைப்பு வந்ததே 2003இல்தான். அதற்கு முந்தைய ஆய்வுகள் 'இன்டர்வியூஸ்', 'ஃபோகஸ் குரூப்ஸ்' போன்ற தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. புதியவற்றிலும் எல்லாவற்றுக்கும் மெஷ் ஒட்டியிருக்கும் என்று நினைக்காதீர்கள். பப்மெட்டில் மெஷ் இல்லாத பதிவுகள் ஏராளம்.

தலைப்பை நம்பவும் முடியாது. குவாலிடேட்டிவ் ஆய்வு செய்கிறவர்களுக்கு நோயாளி சொன்ன ஒரு வாக்கியத்தையே தலைப்பாக வைப்பதில் தனி ஆசை. 'எனக்கு என் காலே பாரமாகிவிட்டது' என்கிற மாதிரி. படிக்க உருக்கமாக இருக்கும், தேடுகிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதிலே பாதமும் இருக்காது, சர்க்கரையும் இருக்காது. (இப்படித் தலைப்பு வைக்கிறவர்கள் ஒரு முக்காற்புள்ளி போட்டு, பக்கத்தில் என்ன ஆய்வு என்று எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. பலர் எழுதுகிறார்கள். எழுதாதவர்களைச் சபித்துக்கொண்டேதான் நாங்கள் சம்பளம் வாங்கினோம்.)

அதனால் சொற்களால் வலை பின்ன வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று எந்தச் சொற்கள் குவாலிடேட்டிவ் ஆய்வுகளை அதிகம் பிடிக்கின்றன என்று பப்மெட்டின் பெரும்பகுதியான மெட்லைன் தரவுத்தளத்தில் சோதித்து 2004இல் எழுதியது. நீளநீளமான சூத்திரங்களுக்கு நடுவே 'இன்டர்வியூ', 'எக்ஸ்பீரியன்ஸ்', 'குவாலிடேட்டிவ்' என்ற மூன்று சாதாரணச் சொற்களின் கூட்டே நன்றாக வேலை செய்தது. இந்த மூன்றோடு தொடங்குங்கள். 'ஃபோகஸ் குரூப்', 'தீமேட்டிக் அனாலிசிஸ்', 'கிரவுண்டட் தியரி', 'லிவ்ட் எக்ஸ்பீரியன்ஸ்' ஆகியவற்றையும் சேருங்கள். இவற்றுக்கு நடுவே 'ஆர்' (OR) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பாதத்துக்கான சொற்கள் இன்னோர் அடைப்புக்குறிக்குள். இரண்டுக்கும் நடுவே 'ஆண்ட்' (AND). இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

இனி களை எடுப்பது. உங்களுக்கு வந்த கிருமிக் கட்டுரைகளுக்குக் காரணம் இதுதான்: புண்ணிலிருந்து எடுத்ததில் என்னென்ன கிருமி வளர்ந்தது என்று பார்ப்பதும் லேபில் 'குவாலிடேட்டிவ்'தான். எவ்வளவு வளர்ந்தது என்பது 'குவான்டிடேட்டிவ்'. 'குவாலிடேட்டிவ் ஸ்டடி', 'குவாலிடேட்டிவ் ரிசர்ச்' என்று மேற்கோள் குறிக்குள் சேர்த்துத் தட்டினால் லேப் ஆட்கள் பெரும்பாலும் விலகிவிடுவார்கள். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லோடு வருகிற கூட்டம் வேறு. 'எங்கள் மையத்தின் அனுபவம்' என்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் எழுதும் கட்டுரைகள். அந்த அனுபவம் நோயாளியுடையது அல்ல, சர்ஜனுடையது. 'பேஷன்ட்', 'ஃபேமிலி', 'பெர்செப்ஷன்' என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் கட்டிவிட்டால் அடங்கும்.

இவ்வளவு செய்தும் குப்பை வரும். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். தாய்ப்பால் ஊட்டும் பெண்களுக்கான ஆதரவு பற்றிய குவாலிடேட்டிவ் ஆய்வுகளைத் தேடிப் பார்த்த பிரிட்டிஷ் குழு ஒன்று 2004இல் கணக்கை வெளியிட்டது. வந்தவை 7,420 பதிவுகள், பொருந்தக்கூடியவையாகத் தேறியவை 262. அவர்கள் இதே வேலையாக இருக்கிற ஆராய்ச்சியாளர்கள். எந்த ஒரு தேடல் முறையும் தனியாக எல்லாவற்றையும் பிடிக்கவில்லை என்பதும் அவர்கள் கண்டதுதான்.

எங்கள் தனியார் கல்லூரியில் சினால் இல்லை. நர்சிங் ஆய்வுக்கு அது இல்லாமல் முடியாது என்கிறார்களே?
— உதவிப் பேராசிரியர், சேலம்

முடியும், ஆனால் இருந்தால் சுகம். எப்ஸ்கோ நிறுவனம் சந்தாவுக்குத் தரும் கட்டுரைத் தரவுத்தளமான சினால் (CINAHL), நர்சிங்கையும் பிசியோதெரபி போன்ற துணைத் துறைகளையும் மனதில் வைத்து உருவானது. பப்மெட்டில் அவ்வளவு எளிதில் கிடைக்காத இரண்டு வசதிகள் அதில் உண்டு. ஒன்று, பொருள் தலைப்புகளிலேயே ஆய்வு முறை நுணுக்கமாகப் பிரிந்திருக்கும்: 'குவாலிடேட்டிவ் ஸ்டடீஸ்' என்ற பெரிய தலைப்பின் கீழ் ஃபினாமினாலஜி (ஒருவர் வாழ்ந்த அனுபவத்தை ஆராய்வது) தனி, எத்னோகிராபி (மக்களோடு இருந்து அவர்கள் வாழ்முறையைக் கவனிப்பது) தனி. 'பர்போசிவ் சாம்பிள்' (தேவைக்கேற்ப ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) என்றுகூடத் தலைப்பு இருக்கிறது. இரண்டு, தேடல் பக்கத்திலேயே குவாலிடேட்டிவ் வடிகட்டி இருக்கும். எதையும் விடக்கூடாது என்றால் ஒரு தேர்வு, குப்பை வரக்கூடாது என்றால் இன்னொன்று, நடுவாந்தரமாக மூன்றாவது. மனநலம் சார்ந்த தலைப்பென்றால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்இன்ஃபோவிலும் ஆய்வு முறையை வைத்து வடிகட்டலாம்.

சந்தா இல்லாதவர்கள், பக்கத்திலிருக்கும் பெரிய மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வெளியாட்களை அனுமதிக்கிறார்களா என்று கடிதத்தோடு போய்க் கேளுங்கள். போகும் முன் பப்மெட்டில் தேடலைத் தீட்டி வைத்துக்கொண்டால் அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது இப்போதைக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையங்களுக்கும். மேலும் அது ஜர்னல்களைத் திறந்து படிக்கத்தான். எதைத் திறப்பது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில்தான்.

இன்னொன்று. பப்மெட்டில் ஜர்னல் கட்டுரைகள் வரும், நம் மாணவர்களின் ஆய்வேடுகள் வராது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் டெசர்ட்டேஷன்கள் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். உங்கள் மாவட்டத்து நோயாளிகளை யாராவது ஏற்கெனவே பேட்டி கண்டிருந்தால், அது அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

குவாலிடேட்டிவ் எல்லாம் வெறும் கதை, ரேண்டமைஸ்டு டிரையல்தான் ஆய்வு என்கிறார் எங்கள் சீனியர். நூலகராக நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பொது சுகாதாரத் துறை மாணவர், மதுரை

உங்கள் சீனியரை நம்ம ஊர் டிரையல் ஒன்றோடு மடக்கலாம் தம்பி. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி) ஒரு துணிச்சலான கேள்வி கேட்டது. காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? நெரிசலான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் ஆகாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியான அந்தக் கட்டுரை, உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டது. இதைப் பேட்டி எடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டிலேயே மருந்து என்று ஆகிவிட்டது. அப்புறம் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? நிறுத்தியவர்கள் எத்தனை சதவீதம் என்று எண் சொல்லும், அதற்கு மேல் வாய் திறக்காது. 2007இல் பிளாஸ் மெடிசின் இதழில் ஓர் அலசல் வந்தது. காசநோய் மருந்தை விடாமல் சாப்பிடுவது பற்றிய 44 குவாலிடேட்டிவ் கட்டுரைகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். மருந்து வாங்கப் போனால் போகிற கூலி, உடம்பு தேறியதும் வியாதி போய்விட்டது என்ற எண்ணம், பக்கவிளைவு, வீட்டார் துணை, சிகிச்சை மையம் நடக்கும் விதம் என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காட்டினார்கள். திறந்த அணுக்க இதழ், காசில்லாமல் படிக்கலாம். சீனியருக்கு அனுப்பி வையுங்கள்.

தேடுகிறவருக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அந்த 1959 கட்டுரையின் தலைப்பில் 'ரேண்டம்' என்ற சொல்லே கிடையாது. 'கன்கரன்ட் கம்பாரிசன்' என்றுதான் எழுதினார்கள். டிரையல்களுக்கான வகைச் சீட்டு வந்தது அதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. பழைய எண் சார்ந்த ஆய்வுகளையும் வெறும் வடிகட்டியை நம்பித் தேடக்கூடாது.

ஆப்ஸ்ட்ராக்டைப் பார்த்தவுடன் இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி? 'இன்டர்வியூ' என்று இருந்தால் குவாலிடேட்டிவ்தானே?
— பிசியோதெரபி மாணவர், கோயம்புத்தூர்

இல்லை! இந்தியக் கட்டுரைகளில் பலரும் விழும் பள்ளம் இது. நம் ஊரில் கேள்வித்தாளை நோயாளி கையில் கொடுத்து நிரப்பச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. ஆய்வாளரே கேள்வியை வாசித்து, பதிலுக்கு நேரே டிக் அடிப்பார். அதற்கு 'இன்டர்வியூ ஷெட்யூல்' என்று பெயர். அது முழுக்க முழுக்க சர்வே. 'ஸ்ட்ரக்சர்டு' என்று முன்னால் இருந்தால் சந்தேகப்படுங்கள். 'செமி ஸ்ட்ரக்சர்டு', 'இன் டெப்த்' என்று இருந்தால் நம்பலாம்.

முடிவுகள் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். 'தீம்' என்ற சொல்லும், நோயாளிகள் பேசிய வாக்கியங்களும், 'சாச்சுரேஷன்' வரை (புதிதாக எதுவும் வராத நிலை வரை) பேட்டி எடுத்தோம் என்ற குறிப்பும் இருந்தால் குவாலிடேட்டிவ். பி வேல்யூ, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் போன்ற புள்ளியியல் அளவுகள் இருந்தால் மற்றது. இரண்டும் இருந்தால் 'மிக்ஸ்டு மெத்தட்ஸ்'. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கைடிடம் கேட்டுவிடுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். 'குவாலிடேட்டிவ் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்று கண்டால் மட்டும் முழுக் கட்டுரையையும் திறந்து பாருங்கள். சில சமயம் அது டிரையல்களின் தொகுப்பாகவே இருக்கும். எண்களைக் கூட்டி மெட்டா அனாலிசிஸ் செய்யவில்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருப்பார்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறுகிறது. ஸ்பீச் தெரபி பலன் தருமா, மற்ற குடும்பங்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஆய்வுகளில் பார்க்க முடியுமா? நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை.
— வாசகி, தஞ்சாவூர்

தாராளமாகப் பார்க்கலாம் அக்கா. நீங்கள் கேட்டிருப்பதே சரியாக இரண்டு வகைக் கேள்விகள். 'பலன் தருமா' என்பதற்கு காக்ரேன் நூலகத்துக்குப் போங்கள். ஒரு சிகிச்சை பற்றி நடந்த டிரையல்களை எல்லாம் திரட்டி அலசி எழுதுகிறவர்கள். ஒவ்வோர் அலசலுக்கும் எளிய நடையில் ஒரு சுருக்கம் இருக்கும், அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன. 'அஃபேசியா' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். பக்கவாதத்தால் வரும் மொழிச் சிக்கலுக்கு அதுதான் பெயர். உங்கள் கணவருக்கு இருப்பது அதுதானா, நாக்கு உதட்டுத் தசைகள் தளர்ந்ததால் வரும் 'டிஸ்ஆர்த்ரியா'வா என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு. தேடலும் வேறாகிவிடும்.

குடும்பங்களின் அனுபவத்துக்கு பப்மெட்டில் 'அஃபேசியா', 'கேர்கிவர்', 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற மூன்றையும் போட்டு, இலவச முழுக் கட்டுரை என்ற கட்டத்தைத் தட்டுங்கள். நோயாளியின் மனைவியர் பேசியதை அவர்கள் வார்த்தையிலேயே படிக்கலாம். புள்ளிவிவரம் புரியாதே என்ற கவலை அங்கே இல்லை. தெரபியை மாற்றுவது, நிறுத்துவது எதுவானாலும் சிகிச்சை தருகிறவரிடம் பேசிவிட்டுத்தான்.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் பத்துக் கட்டுரை தருகிறதே?
— பெயர் வேண்டாம், சென்னை

தரும். அந்தப் பத்தின் தலைப்புகளையும் ஒவ்வொன்றாக பப்மெட்டில் தட்டிப் பாருங்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு விலாசம் கொடுக்கிற பழக்கம் இம்மாதிரிக் கருவிகளுக்கு உண்டு. ஒரு தலைப்புக்கு வேறு என்னென்ன ஆங்கிலச் சொற்கள் உண்டு என்று கேட்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்ல உதவியாள். கூகுள் ஸ்காலர் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க அது அருமை. முறையாகத் தேடினேன் என்று தீசிஸில் எழுத அதை மட்டும் நம்ப முடியாது. எத்தனை ஆயிரம் வந்ததாகக் காட்டினாலும் முதல் 1,000 வரைதான் பார்க்க விடும்.

எல்லாத் தரவுத்தளங்களிலும் தேடிவிட்டேன். இன்னும் ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. எப்போது நிறுத்துவது?
— ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி

விட்டுத்தான் போயிருக்கும், அது சகஜம். லண்டனில் டிரிஷ் கிரீன்ஹால்ஷும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு பெரிய அலசலை முடித்த பிறகு, தாங்கள் பயன்படுத்திய 495 மூலங்களும் எந்த வழியில் கிடைத்தன என்று கணக்குப் பார்த்து 2005இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். திட்டமிட்ட தேடலில் கிடைத்தவை 30 சதவீதம். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைப் பிடித்து அடுத்ததற்குப் போனது, அதை மேற்கோள் காட்டியவர்களைப் பின்தொடர்ந்தது என்று கிடைத்தவை 51 சதவீதம். தெரிந்தவர்கள் சொன்னது, ஏற்கெனவே படித்திருந்தது 24 சதவீதம். சில இரண்டு வழியிலும் வந்ததால் கூட்டினால் நூறைத் தாண்டும்.

எனவே இனிப் புதிதாகச் சொல் தேடிக் கொண்டிருக்காதீர்கள். கையிலிருப்பதில் மிகப் பொருத்தமான நான்கைந்து கட்டுரைகளை எடுத்து, அவற்றின் ரெஃபரன்ஸ் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பப்மெட்டில் அந்தக் கட்டுரைக்குக் கீழே 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்', 'சைட்டட் பை' என்று இரண்டு பகுதி இருக்கும், அவற்றையும் பாருங்கள். திரும்பத் திரும்ப உங்களிடம் இருக்கிற கட்டுரைகளே வர ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டீர்கள், எத்தனை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பப்மெட்டில் இலவசமாக ஒரு கணக்குத் திறந்து தேடலைச் சேமித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் புதுக் கட்டுரைகள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருக்கும். வைவாவில் 'எப்படித் தேடினாய்' என்று கேட்டால் அந்த நோட்டின் பக்கத்தை எடுத்து நீட்டிவிடலாம்.